கொழும்புக்குப் போக எங்களுக்குக் காரணம் வேண்டுமா?

"எதுக்கு?"

கொழும்புக்குப் போகப் போகிறோம் என்று வாய் திறந்த நாளிலிருந்து இந்த ஒரு கேள்விதான். லயத்து இஸ்தோப்பில் கேட்டார்கள். நமுனுகுல கடை வீதியில் கேட்டார்கள். பசறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா கேட்டார்.

"வேல கெடச்சிருச்சா?" இல்லை. "பாஸ்போட் எடுக்கவா?" இல்லை. "பெரியாஸ்பத்திரியில யாரையாச்சும் பாக்கவா?" அதுவும் இல்லை. "அப்ப எதுக்குடா போறீங்க?"

சும்மா. மூன்று நாள் இருந்துவிட்டு வர.

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பசறை வரும்வரை எங்களோடு பேசவில்லை. அவருடைய கோபம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை எங்களால் விட முடியவில்லை. இந்த நாட்டில் யார் யாரெல்லாம் எங்கெங்கேயோ சும்மா போய் வருகிறார்கள். தோட்டத்துப் பிள்ளை கோச்சி ஏறினால் மட்டும் ஏன் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது?

நாங்கள் ஐந்து பேர். மூன்று பொடியன்கள், இரண்டு பொம்பளப் பிள்ளைகள். ஐவரும் பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக்குப் போனவர்கள். மெயின் வீதியில் துணிக்கடை, வெள்ளவத்தையில் சேலைக்கடை, கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடை, மருதானையில் போன் திருத்துகிற கடை, ஆமர் வீதிப் பக்கம் ஹார்ட்வெயார் கடையில் கணக்கு. 2022இல் டொலர் இல்லை, பெற்றோல் இல்லை, சாமான் இல்லை என்று கடைகள் ஆள் குறைத்தபோது மூன்று பேர் பெட்டியோடு ஊருக்கு வந்தோம். ஒருவன் அம்மாவுக்கு முடியாமல் போய் வந்தான். ஒருத்தியைக் கல்யாணம் என்று சொல்லி வரவழைத்தார்கள் (கல்யாணம் நடக்கவில்லை, அது வேறு கதை). இப்போது ஒருவர் எல்லவில் ஹோட்டலில், ஒருவர் பதுளை டவுனில் கடையில், ஒருவர் ஓட்டோ ஓட்டுகிறார், ஒருத்தி முன்பள்ளியில், ஒருத்தி தோட்டத்திலேயே பேர் போடுகிறாள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு திரும்பப் போகிறோம். இந்த முறை வேலைக்கு இல்லை. அந்த நகரத்தை எங்களுக்குப் பிடிக்கும், அதனால்.

இதை எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மலையகத்துப் பிள்ளை கொழும்பைப் பற்றி எழுதினால் கண்ணீரோடு எழுத வேண்டும் என்பது நம் இலக்கியக் கூட்டங்களில் சொல்லப்படாத சட்டம். கடையில் அடி, போடிங்கில் மூட்டைப்பூச்சி, முதலாளியின் திட்டு, தீபாவளிக்கு மட்டும் லீவு. அதெல்லாம் உண்மை. ஒன்பது மணித்தியாலம் நின்றபடி சேலை விரித்த கால் எங்களுடையது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் எங்களுடையதாக இருந்தது. அதை யாரும் எழுதச் சொல்லிக் கேட்டதில்லை.

கடலை முதல்தடவை பார்த்தது காலிமுகத்திடலில். மலையில் பிறந்தவனுக்கு அடிவானம் என்றால் எதிர்மலைதான். பார்வை போய் முட்டாமல் போய்க்கொண்டே இருக்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இறால் வடையில் மிளகாய்ச் சம்பலை ஊற்றித் தின்றுகொண்டு, பட்டம் விடுகிற பிள்ளைகளுக்கு நடுவில் இருட்டும்வரை இருப்போம். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். எங்களில் ஒருவர்கூட வேதக்காரர் இல்லை, ஆனாலும் போவோம். ஆடிவேல் வந்தால் செட்டியார் தெருவில் தேர் புறப்படுவதைப் பார்க்கக் கடையில் பொய் சொல்லிவிட்டு ஓடுவோம். கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே தூங்கியிருக்கிறோம், சில நாள் வாசித்தும் இருக்கிறோம். செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியில் காசு இல்லாமல் நான்கு மணித்தியாலம் சுற்றியிருக்கிறோம். 2022 ஏப்ரலில் காலிமுகத்திடலில் கூடாரங்கள் முளைத்தபோது கடை பூட்டிய பிறகு அங்கேதான் போனோம். எந்த ஊர், எந்த ஜாதி என்று கேட்காமல் யாரோ சோற்றுப் பார்சலைக் கையில் தந்தார்கள்.

பொம்பளப் பிள்ளைகள் இரண்டு பேரும் சொல்வது வேறு. "எங்களுக்கு கொழும்புன்னா, நடந்து போறப்ப யாரும் 'இன்னார் மக போறா'ன்னு பேர் சொல்லாத ரோட்டு." லயத்தில் ஆறு மணிக்கு மேல் வெளியே கால் வைத்தால் தொங்கல் காம்பராவரை செய்தி போய்விடும். வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் இரவு எட்டு மணிக்கு ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நடந்ததை அவள் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டோம். அம்மா வாசிக்க மாட்டாள் என்று நம்பிக்கை.

இனி எல்லவுக்கு வருவோம். நமுனுகுல மலையின் அடுத்த பக்கம்தான் எல்ல. இங்கேயிருந்து ஒரு பஸ். வருடம் முழுக்க உலகம் அங்கே வந்து இறங்குகிறது. ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் பிடிக்கிறது. 2,036 மீட்டர் நமுனுகுல உச்சிக்கு ஏறுகிறது. போகிற வழியில் கொழுந்து எடுக்கிற எங்கள் அம்மாமாரைக் கூடையோடு நிறுத்திவைத்துப் படம் எடுக்கிறது. வெள்ளைக்காரர்கள் மட்டுமில்லை, கொழும்பிலிருந்து சனி ஞாயிறுக்கு வேன் பிடித்து வருகிறவர்களும்தான். அவர்களிடம் யாரும் "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. மலையைப் பார்க்க வந்தார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் எங்களைப் பார்க்க வரலாம். நாங்கள் அவர்களுடைய ஊரைப் பார்க்கப் போனால் காசைக் கரைக்கிறோம் என்று அர்த்தம். இது என்ன கணக்கு?

இந்தக் கணக்கு பழையது. பதுளைக்கு ரயில் பாதை வந்தது 1924இல். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 290 கிலோமீட்டர் மலை குடைந்து, பாலம் கட்டி, தெமோதரையில் பாதையைச் சுற்றிவளைத்துத் தனக்கே கீழால் நுழையவைத்து கொண்டுவந்து சேர்த்தார்கள். யாருக்காக? தேயிலைப் பெட்டி துறைமுகத்துக்குப் போக. எங்கள் ஆட்கள் அந்தப் பாதையில் பயணிகளாக இருந்ததைவிடச் சரக்காக இருந்ததுதான் அதிகம். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்களே, அந்தச் சனத்தைத் தலைமன்னார்க் கப்பலுக்குக் கொண்டுபோன வண்டிக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்று பெயர். ஸ்டேஷனில் ஒருபக்கம் ஏறுகிறவர்கள் அழ, இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் அழ. ஏறியவர்களும் விரும்பி ஏறவில்லை, நின்றவர்களும் நிம்மதியாக நிற்கவில்லை. எங்கள் அப்பாயி ஒருத்திக்கு இன்றைக்கும் கோச்சி ஊதுகிற சத்தம் பிடிக்காது.

அதற்கு முன்னால் கால்நடையாக வந்தது, அதற்குப் பின்னால் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வேலைக்குப் போனது என்று பார்த்தால், எங்கள் குடும்பங்களில் நான்கைந்து தலைமுறையாகப் பயணம் என்றாலே ஒன்று பிழைப்பு, இல்லையென்றால் விரட்டல். 2023இல் இருநூறாவது வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நல்ல காரியம், தேவையான காரியம். ஆனால் யோசித்துப் பாருங்கள், நாம் கொண்டாடக் கிடைத்த பயணமும் செத்தவர்களின் தடத்தில்தான் போக வேண்டியிருக்கிறது. சிரித்துக்கொண்டு போன பயணம் என்று எங்கள் வீட்டு அல்பத்தில் ஒரு படம்கூட இல்லை. கதிர்காமம் ஒன்றைத் தவிர.

இன்றைக்கு அதே பாதையில் சீட் இல்லை. முற்பதிவு முப்பது நாளுக்கு முன்னால் திறக்கிறது. திறந்த வேகத்தில் முடிந்துவிடுகிறது. எல்லவுக்குப் போகிற ரயிலின் டிக்கெட்டுகள் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் இணையத்தில் தீர்ந்துபோவதும், அதே டிக்கெட் பல மடங்கு விலையில் வெளியே விற்கப்படுவதும் 2025 ஜனவரியில் பெரிய செய்தியாகி, விசாரணை, கைது என்றெல்லாம் நடந்தது. அப்போது எல்லோரும் கவலைப்பட்டது சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றப்படுகிறார்கள், நாட்டின் பெயர் கெடுகிறது என்று. சரிதான். ஆனால் பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டு, மூன்றாம் வகுப்பில் கழிவறைக் கதவோடு ஒட்டிக்கொண்டு ஒன்பது பத்து மணித்தியாலம் நின்று கொழும்புக்குத் திரும்புகிற பொடியனைப் பற்றி ஒரு வரி வந்ததா? அவன் நிற்பது யாருக்கும் செய்தியில்லை. அவன் நிற்கத்தான் வேண்டும்.

(ரயிலில் போக நினைக்கிற எல்லவுக்கு இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு யோசனை: எல்லவில் ஏறாதீர்கள். பதுளைக்கே போய் ஏறுங்கள். பஸ் காசு கூடும், ஆனால் உட்கார இடம் பிடிக்கலாம்.)

காரணம் கேட்பது அரசாங்கத்துக்கும் பழகிய வேலை. 2007 ஜூன் 7ஆம் திகதியை எங்கள் வயதுக்காரர் பலருக்குத் தெரியாது. அன்றைக்கு விடியற்காலை கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். சொன்ன விளக்கம், தகுந்த காரணம் இல்லாமல் கொழும்பில் தங்கியிருக்கிறார்கள் என்பது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது, அடுத்த நாளே நீதிமன்றம் அதைத் தடுத்தது, பிறகு பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தமும் தெரிவித்தார். அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் வடக்கு கிழக்கு ஆட்கள்தான். ஆனாலும் 'தகுந்த காரணம்' என்ற அந்தச் சொல்லை நாங்கள் மறக்க மாட்டோம். போர்க்காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறக்கோட்டையில் மூட்டை தூக்கிய மாமன்மார் எங்களுக்கு உண்டு. அவர்களுக்குக் கடைதான் காரணம். கடை இல்லையென்றால் அவர்கள் அந்த நகரத்தில் இருப்பதற்கே அனுமதி இல்லாதவர்கள் மாதிரி. துண்டு போய்விட்டது. கேள்வி மட்டும் இஸ்தோப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அதுதான் எங்களுக்கு வலிக்கிறது. பொலிஸ் கேட்ட கேள்வியை இப்போது நம் ஆட்களே கேட்கிறார்கள்.

நம் ஆட்களுடைய வாதம் இரண்டு.

முதலாவது காசு. இதற்கு நாங்கள் ஒளிக்காமல் பதில் சொல்கிறோம். போக வர, இரண்டு இரவு தங்க, சாப்பிட என்று ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். 2025இல் ஒரு நாள் பேருக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் ஏழரை நாள் மலை ஏற வேண்டும். அதுவும் கிலோ குறையாமல், அரைப்பேர் விழாமல். எங்களில் மலையில் வேலை செய்கிறவள் ஐந்து மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்தாள். அந்தக் காசில் வீட்டுக்கு ஒரு தகரம் வாங்கலாம், தம்பிக்குச் சப்பாத்து வாங்கலாம் என்கிறார்கள். வாங்கலாம். போன வருடம் வாங்கினாள். அடுத்த வருடமும் வாங்குவாள். கூரை ஒழுகுவதற்கு அவளுடைய மூன்று நாள் பயணம் காரணம் இல்லை. நூறு வருடம் பழைய லயத்தைத் திருத்தாதவர்கள் காரணம். அவர்களிடம் போய் இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. தீர்த்தக் கரகத்துக்கும் தேருக்கும் வீட்டுக்கு வீடு வரி கொடுக்கும்போதும் கேட்பதில்லை. ஏழைக்குப் பசி உண்டு, பக்தி உண்டு. ஆசை மட்டும் இருக்கக்கூடாது என்றால் எப்படி?

இரண்டாவது, "கொழும்பு பொல்லாத ஊரு". இதைச் சொல்கிறவர்களிடம் நாங்கள் சண்டைக்கு நிற்க முடியாது, ஏனென்றால் அவர்கள் கண்டதைச் சொல்கிறார்கள். 2021 ஜூலையில் டயகமையிலிருந்து கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அந்தக் கிழமை நாங்கள் ஐவரும் கொழும்பில்தான் இருந்தோம். வீடுகளிலிருந்து போன் மேல் போன். "வந்துரு." ஒருத்தி வேலையை விட்டு வந்து, இரண்டு மாதத்தில் திரும்பப் போனாள். அன்றைக்கு மலையகம் முழுக்கக் கேட்ட புத்திமதி, பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பாதீர்கள் என்பது. பதினாறு வயதில் அவள் ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை, தோட்டத்தில் பிள்ளை பிடித்துக்கொடுக்கிற தரகரை ஏன் யாரும் தொடவில்லை என்று கேட்ட சத்தம் கொஞ்ச நாளில் அடங்கிப்போனது. புத்திமதி மட்டும் தங்கிவிட்டது, அதுவும் பொம்பளப் பிள்ளைகளுக்கு மட்டும். ஊரைப் பூட்டினால் பிள்ளை தப்பிவிடும் என்று நினைக்கிறோம். 83 ஜூலையில் கொழும்பு மட்டும் எரியவில்லை, பதுளை டவுனும் எரிந்தது. பயப்பட வேண்டிய இடங்களைக் கணக்கெடுத்தால் நாங்கள் காம்பராவை விட்டே வெளியே வர முடியாது.

குற்றம் எங்கள் பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். கொழும்பில் "எந்த ஊர்?" என்று கேட்டால் நாங்கள் "பதுளை" என்போம். பதுளையில் எங்கே என்று தோண்டினால் "டவுனுக்குக் கிட்ட". தோட்டத்தின் பெயர் வாயில் வராது. வந்தால் வெள்ளவத்தைத் தமிழரின் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும், பிறகு 'நீங்கள்' 'நீர்' ஆகும். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைச் சிங்களவர் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் பயந்து எங்களில் ஒருவன் இரண்டு வருடம் யாழ்ப்பாணத்துப் பேச்சைப் பழகினான். 'கதைக்கிறது', 'ஓம்' எல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஒருநாள் கால் விரல் கதவில் நசுங்கியபோது "ஐயோ அம்மாயி" என்று கத்திவிட்டான். அதோடு முடிந்தது நாடகம்.

அப்போதெல்லாம் எங்களுக்குத் தெளிவத்தை ஜோசப்பைத் தெரியாது. எங்கள் பதுளை மாவட்டத்துத் தோட்டத்தில் பிறந்தவர். படிப்பித்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் எழுதிக்கொண்டார். பிறகு கொழும்புக்குப் போய் வத்தளையில் வாழ்ந்தார். 2022இல் சாகும்வரை அந்தத் தோட்டத்தின் பெயரை அவர் கழற்றவில்லை. கொழும்பில் வாழ்கிற மலையகத் தமிழரின் வாடகை வீட்டுப் பாட்டையும் பொலிஸ் பயத்தையும் 'குடை நிழல்' என்று நாவலாக்கினார். தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் தூங்கிய நேரத்தில் அதை எடுத்து வாசித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இந்த முறை "எந்த ஊர்?" என்று கேட்கிறவர்களுக்குத் தோட்டம், டிவிஷன் எல்லாம் சேர்த்துச் சொல்வதாக ஐவரும் பேசி வைத்திருக்கிறோம். (லயத்து நம்பர் வேண்டாம். கடிதமே தோட்ட ஒபீஸுக்குத்தான் வருகிறது, அது கைக்கு வர எத்தனை நாளோ, நம்பர் சொல்லி என்ன ஆகப்போகிறது.)

பத்தாம் திகதி சம்பளம். அதற்கு அடுத்த வெள்ளி இரவு போகிறோம். ரயிலில் சீட் கிடைக்கவில்லை, அதனால் பதுளையிலிருந்து 99ஆம் நம்பர் பஸ். பண்டாரவளை, பலாங்கொடை, இரத்தினபுரி, விடியும்போது புறக்கோட்டை. அறைக்குப் போன் எடுத்த முதல் இடத்தில் அடையாள அட்டை விலாசத்தைக் கேட்டுவிட்டு "இடமில்ல" என்றார்கள். இரண்டாவது இடத்தில் பெண்களும் சேர்ந்தா என்று இழுத்தார்கள். மூன்றாவதில் ஒத்துக்கொண்டார்கள், கொட்டாஞ்சேனையில், இரண்டு அறை. சனிக்கிழமை காலை நித்திரை. பின்னேரம் காலிமுகத்திடல், மழை பெய்தாலும். ஞாயிறு கோட்டையில் கரையோர ரயில் பிடித்து, கடல் பக்கத்து ஜன்னலில் மாறி மாறி உட்கார்ந்து, போகிற வரை போய்த் திரும்புவது. அந்த ரயிலில் வேலைக்குப் போனபோது ஒருநாளாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தது.

திங்கட்கிழமைதான் இன்னும் முடிவாகவில்லை. சேலைக்கடையில் நின்றவள் பழைய கடைக்கு ஒருதடவை போக வேண்டும் என்கிறாள். வேலைக்காரியாக இல்லை, வாங்குகிற ஆளாக. கதிரையில் உட்கார்ந்து, "அந்த மேல்தட்டுல இருக்கிறத எடுங்க, இத விரிச்சிக் காட்டுங்க" என்று சொல்லிப் பார்க்க வேண்டுமாம். பொடியன்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. மற்றவள் மட்டும் வருகிறேன் என்றிருக்கிறாள், ஒரு நிபந்தனையோடு: "விரிக்கச் சொன்னா ஒரு சேலையாச்சும் வாங்கிட்டுத்தான் எந்திரிக்கணும். நிக்கிறது நம்ம புள்ளைங்கதான், மடிக்கிறதும் அதுங்கதான்." எவ்வளவு விலையில் வாங்குவது என்று அவர்கள் இரண்டு பேரும் இப்போதும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.